முடங்கிய இணையத்தளமும் பிழைபட்ட செருகுநிரலும்

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்குக் கல்லூரியின் இணையத்தளமே இன்று வாயில். அஃது ஒருநாள் திறவாதாயின், யாவும் அழிந்தனவென்று அஞ்சித் தளத்தையே நீக்கிப் புதிதாய் நிறுவ முற்படுவோர் உளர். யானும் ஒருகால் அவ்வாறு முற்பட்டவனே. அருகிருந்த மாணவன் தடுத்தான்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களிற் கட்டுரைகள் தரவுத்தளத்தில் உறைவன. படிவம், படத்தொகுப்பு முதலியவற்றுக்காகப் பிறர் இயற்றிய செருகுநிரல்கள் வேறொரு கோப்புறையில் உள்ளன. பக்கம் உருவாகும்போதெல்லாம் இயக்கத்திலுள்ள செருகுநிரல்கள் அனைத்தும் ஏற்றப்படும். புதுப்பித்தபின் அவற்றுள் ஒன்று பழுதுற்றால், பக்கம் முழுவதும் நின்றுவிடலாம். எழுதியவையோ இருந்தவாறே இருக்கும்.

2019 ஆம் ஆண்டு வெளிவந்த 5.2 ஆம் பதிப்பு முதல், இத்தகைய பிழை நேரின் நிருவாகிக்கு மின்னஞ்சல் செல்லும். அதிலுள்ள இணைப்பின்வழி நுழைவார்க்கு மட்டும் பழுதுற்ற செருகுநிரல் இடைநிறுத்தப்பட்டிருக்கும். உள்ளே சென்று அதனைச் செயலிழக்கச் செய்யலாம். அம்மடல் முன்னைச் செயலாளரின் முகவரிக்கே போய்க்கொண்டிருத்தல் சங்கங்களில் அரிதன்று!

மடல் வாராவிடின், தளத்துக்கு இடமளிக்கும் நிறுவனத்தின் கோப்பு மேலாளரைத் திறந்து, ஐயத்துக்குரிய செருகுநிரலின் கோப்புறைப் பெயரை மாற்றுக. கோப்பைக் காணாத தளம் அதனை விடுத்து இயங்கும். எதுவென்று தெரியாவிடின் 'பிளகின்ஸ்' என்னும் முழுக் கோப்புறையின் பெயரையே மாற்றுக. பின்னர் நிருவாகப் பகுதியிற் செருகுநிரற் பட்டியலைத் திறந்தால் எல்லாம் செயலிழந்துவிடும். பழைய பெயரை மீட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்க. எதனை இயக்கியதும் தளம் மீண்டும் விழுகின்றதோ அதுவே குற்றவாளி.

எங்கள் தளத்தில் அகப்பட்டது, முகப்பில் நிழற்படங்களை நகர்த்திய சிற்றணியொன்று. அதனை நீக்கியபின் ஒருவரும் தேடவில்லை.