புது வண்டி இன்னும் முழு வண்டி ஆகவில்லை!

ஆவடியில் வசிக்கும் என் அக்காள் மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். சென்ற கோடை விடுமுறையில் அவனுக்கு ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் வந்து சேர்ந்தது. மண் தரையில் மட்டும் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட, ‘டர்ட் பைக்’ எனப்படும் வண்டி அது. அதற்கு முகவிளக்கும் இல்லை. நம்பர் பலகையும் இல்லை. பெட்டியில் பாதி கழற்றிய நிலையில் வந்ததைத் தந்தையும் மகனுமாகப் பூட்டி முடித்திருந்தார்கள். பூந்தமல்லிக்கு அருகே உறவினர் ஒருவரின் சுற்றுச்சுவர் எழுப்பிய காலி மனையில் ஓட்டுவதாக ஏற்பாடு.

“ஓட்டுவதற்கு முன் ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்” என்றேன்.

“புது வண்டிதானே மாமா! இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்றான் பையன்.

நல்ல கேள்வி. நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். ஆனால் புது வண்டி என்பது இன்னும் முழுமை அடையாத வண்டி. அதைச் செய்து முடிக்கும் கடைசி வேலை, ஓட்டுபவரிடம் விடப்பட்டிருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

சங்கிலியும் முக்கோணமும்

முதலில் சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். சிறிதும் தொய்வு இல்லை. “நான்தான் இழுத்துக் கட்டினேன். என் சைக்கிளுக்கும் இப்படித்தான் செய்வேன்” என்றான் பையன் பெருமையாக.

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் சங்கிலி நன்றாகவே தெரியும். ஆனால் சாதாரணச் சைக்கிளில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கிறது. இந்த வண்டியிலோ பின்சக்கரம் மேலும் கீழும் ஆடும் ஒரு கையின் நுனியில் இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை ஸ்விங் ஆர்ம் என்பார்கள்.

ஒரு முக்கோணம் வரையுங்கள். முன் பற்சக்கரத்தின் மையம் அ. கை பூட்டப்பட்ட கீல் ஆ. பின்சக்கரத்தின் அச்சு இ. அஆ, ஆஇ என்ற இரு பக்கங்களின் நீளம் மாறாது. கை ஆடும்போது மாறுவது அஇ என்ற மூன்றாவது பக்கம் மட்டுமே. முக்கோணத்தின் ஒரு பக்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடச் சிறியது என்று வடிவியலில் படித்திருக்கிறீர்கள். மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் வரும்போதுதான் அஇ மிகப் பெரிதாகும். ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து, வண்டி ஒரு மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது இந்நிலை வரும். அந்த நேரத்தில் தேவைப்படும் கூடுதல் நீளத்தைத் தருவதே சங்கிலியின் தொய்வு!

பையனை வண்டியில் உட்காரச் சொல்லி நானும் இருக்கையை அழுத்தினேன். சங்கிலி இரும்புக் கம்பிபோல் விறைத்து நின்றது. அப்படியே ஓட்டியிருந்தால் முதல் மேட்டிலேயே சங்கிலி அறுந்திருக்கலாம். அறுந்த சங்கிலி சக்கரத்தில் சிக்கி அவனைத் தூக்கி எறிந்திருக்கலாம். பையன் ஒன்றும் பேசவில்லை. கையேட்டில் சொன்ன அளவுக்குத் தானே தளர்த்தினான்.

நட்டும் போல்ட்டும்

முறுக்கிய போல்ட்டு ஒரு சுருள்வில்லைப் போன்றது. முறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த விசையே இரு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்கிறது. புது வண்டியில் பாகங்களுக்கு இடையே பெயிண்ட்டும் நுண்ணிய மேடுகளும் இருக்கும். அதிர்ச்சியில் அவை நசுங்கிவிட்டால் போல்ட்டின் இழுவிசை குறைந்துவிடும். ஆகவே ஓட்டுவதற்கு முன் ஒருமுறை, அரைமணி நேரம் ஓட்டிய பின் மறுமுறை, எல்லாவற்றையும் முறுக்கிப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் ஸ்போக் கம்பிகளுக்கும் இதே விதிதான்.

பிரேக்கைப் பழக்குதல்

பிரேக் தட்டு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிறது. ஆனால் உருப்பெருக்கிப் பார்த்தால் அது மலைத்தொடர்! புதிய பிரேக் கட்டை அதன் சிகரங்களை மட்டுமே தொடுகிறது. பல முறை மெதுவாகப் பிடித்த பிறகே இரண்டும் ஒன்றோடொன்று முழுமையாகப் பொருந்தும். அதுவரை பிடிப்பு குறைவு.

வண்டியும் பையனுமாக 100 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் இயக்க ஆற்றல் 5,000 ஜூல். பாதி வேகத்தில் அது 1,250 ஜூல்; நான்கில் ஒரு பங்கு! எனவே குறைந்த வேகத்தில் இருபது முறை பிடித்துப் பிடித்து விட்டோம். நடுநடுவே ஆறவும் விட்டோம்.

எஞ்சினுக்குள்ளே

எஞ்சின் உருளையின் உட்சுவரில் வேண்டுமென்றே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இட்டிருப்பார்கள். கீறல்களில் எண்ணெய் தங்கும். அவற்றின் விளிம்பு மேடுகளைப் பிஸ்டன் வளையம் தேய்த்துச் சமமாக்க வேண்டும். எரியும் வாயு வளையத்தின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. ஆகவே எஞ்சினுக்கு ஓரளவு பாரம் வேண்டும். நிறுத்திய இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டால் வளையம் சுவரில் சரியாகப் பதியாது.

அதற்காக முதல் நாளிலேயே முழு வேகமும் கூடாது. பிஸ்டன் அலுமினியக் கலவை; உருளை இரும்பு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டையும் 100 டிகிரி சூடாக்கினால் அலுமினியம் சுமார் 0.115 மில்லிமீட்டரும் இரும்பு சுமார் 0.055 மில்லிமீட்டரும் விரியும். இந்த 0.06 மில்லிமீட்டர் வேறுபாடு சிறிதுதானே என்கிறீர்களா? இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியே மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான்! பிஸ்டன் செய்பவர்கள் இதைக் கணக்கிட்டே வடிவம் அமைக்கிறார்கள். ஆனால் புது எஞ்சினில் உராய்வு வெப்பம் அதிகம். மிதமிஞ்சிச் சூடேறினால் இடைவெளி மறைந்து பிஸ்டன் இறுகிப்போகும். 1955இலேயே சென்னையில் பூட்டத் தொடங்கிய புல்லட் ஆனாலும், பிள்ளைகளின் சிறு வண்டி ஆனாலும், இயற்பியல் ஒன்றே. கொஞ்சம் ஓட்டுவது, ஆறவிடுவது, மீண்டும் ஓட்டுவது. வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. இதுதான் முறை.

சாலைக்கு அல்ல

ஒன்றை மறக்க வேண்டாம். சட்டப்படி 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூட 16 வயது நிரம்பி, உரிமம் பெற்றிருக்க வேண்டும். மற்றவற்றுக்கு 18 வயது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கே சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் கிடைக்கலாம். அடைப்புள்ள மனையில், பெரியவர் பக்கத்தில் இருக்க, தலைக்கவசத்துடன்தான் அவன் ஓட்டினான்.

மாலையில் எஞ்சின் எண்ணெயை ஒரு தட்டில் வடித்தோம். வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது அதில் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு ஓடியது. “என்ன மாமா இது?” என்று கேட்டான்.

“காலையில் எஞ்சினுக்குள் இருந்த மேடுகள்” என்றேன்.

தட்டை நெடுநேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, புது எண்ணெயை அவனே அளந்து ஊற்றினான். பிறகு யாரும் சொல்லாமலே சாவியை எடுத்துக்கொண்டு ஸ்போக் கம்பிகளிடம் போனான்.