டெல்டாப் பொருளும் இணையச் சந்தையும்: பிடித்தம்போகக் கையில் நிற்பது எவ்வளவு?

இணையச் சந்தை என்பது தானே பொருள் வாங்கி விற்கும் கடையன்று. விற்பவரையும் வாங்குபவரையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்து, அதற்குக் கட்டணம் பெறும் இடைத்தளமே அது. அந்நிய முதலீட்டுடன் இந்தியாவில் இயங்கும் இத்தகைய தளங்கள் சரக்கைத் தம் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ வைத்துக்கொள்ளக் கூடாது என்னும் விதி 2019 பிப்ரவரி 1 முதல் மேலும் இறுக்கப்பட்டது. ஆகவே அமேசானிலோ பிளிப்கார்ட்டிலோ ஒரு தலையாட்டிப் பொம்மை விலைபோகும்போது, சட்டத்தின் பார்வையில் அதை விற்பவர் தஞ்சாவூரிலிருந்து அதைப் பட்டியலிட்டவரே. பொருளின் தரத்துக்கும் பில்லுக்கும் வரிக்கும் பொறுப்பு அவரையே சாரும். நெல் மண்டியின் நடைமுறை அறிந்த காவிரிப் படுகை மக்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. மண்டிக்காரர் நெல்லுக்கு உரிமையாளர் அல்லர். தரகு, எடைக்கூலி, சாக்கு என்று பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பவர். ஆனால் மண்டியில் பிடித்தம் கண்முன் நடக்கும். இணையச் சந்தையில் அது பல தலைப்புகளாகப் பிரிந்து, பொருள் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்து வரும் கணக்கறிக்கையில்தான் தெரியவரும். எனவே டெல்டாவின் சிறு விற்பனையாளர் முதலில் பழகவேண்டியது விளம்பரக் கலையன்று. ஒவ்வோர் ஆர்டரிலும் பிடித்தமெல்லாம் போகத் தம் கையில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதிப் பார்க்கும் வழக்கமே.

அண்மைக் காலத்தில் தளங்கள் அறிவித்துள்ள கட்டணக் குறைப்புகள் இவ்வழக்கத்தை மேலும் தேவையாக்கியுள்ளன. மீஷோ 2021 ஜூலையில் கமிஷனே இல்லை என்று அறிவித்தது. அமேசான் 2025 ஏப்ரலில் 300 ரூபாய்க்குக் குறைந்த பொருள்களுக்கு 135 பிரிவுகளில் விற்பனைக் கமிஷனை நீக்கியது. பிளிப்கார்ட் 2025 நவம்பரில் 1,000 ரூபாய்க்கு உட்பட்ட பொருள்களுக்குக் கமிஷன் இல்லை என்றது. இவை நல்ல செய்திகளே. எனினும் கமிஷன் என்பது பிடித்தங்களில் ஒன்று மட்டுமே. அனுப்புகைக் கட்டணம், ஆர்டர் ஒன்றுக்கான நிலையான கட்டணம், கிடங்கில் வைத்தால் அதற்கான வாடகை, பட்டியலில் மேலே காட்டுவதற்கான விளம்பரச் செலவு, திரும்பிவரும் பொருளுக்கான போக்குவரத்து ஆகியவை தளத்துக்குத் தளம் வெவ்வேறு அளவில் தொடர்கின்றன. இக்கட்டணங்களின் மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, சேரும். கமிஷன் இல்லை என்ற ஒரு சொல்லை நம்பி விலையைக் குறைத்துவிடுபவர் மாத முடிவில் விற்பனை பெருகியும் பணம் நிற்காமல் திகைப்பதற்கு இதுவே காரணம்.

தஞ்சைப் பகுதிக் கைவினைப் பொருள்களைப் பொறுத்தவரை கமிஷனைவிடப் பெரிய சுமை பெட்டியின் அளவிலிருந்து வருகிறது. அனுப்புகை நிறுவனங்கள் பொருளின் உண்மை எடையையும், பெட்டி அடைக்கும் இடத்தைக் கொண்டு கணக்கிடும் பருமன் எடையையும் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே கட்டணம் பெறுகின்றன. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது இதற்கான வழக்கமான முறை. குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் வெண்மையான தக்கையைச் செதுக்கிப் பெரிய கோயிலின் உருவை அமைக்கும் கலைஞர், அதைக் கண்ணாடிக் கூட்டில் வைத்து 40, 30, 30 சென்டிமீட்டர் பெட்டியில் அனுப்புகிறார் எனக் கொள்வோம். உண்மை எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டாவிட்டாலும், கட்டணம் 7.2 கிலோவுக்கு விதிக்கப்படும். பெட்டியின் ஒவ்வோர் அளவிலும் 4 சென்டிமீட்டர் குறைத்தாலே அது ஏறத்தாழ 4.9 கிலோவாக இறங்கிவிடும். உலகிலேயே மிக இலேசான கைவினைகளுள் ஒன்றைச் செய்பவர் இரும்புச் சரக்குக்குரிய கூலியைக் கட்ட நேர்வது வேதனைக்குரியது. பெட்டிக்கேற்ற அளவில் உருவத்தைத் திட்டமிடுவது ஒன்றே இதற்கு நடைமுறைத் தீர்வு.

மற்றக் கைவினைகளில் முன்னோர் அமைத்துவைத்த வடிவமே கைகொடுக்கிறது. தஞ்சாவூரின் நாட்டிய மங்கைப் பொம்மையில் தலை, உடல், பாவாடை ஆகிய பகுதிகள் தனித்தனியே செய்யப்பட்டு ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குவதால், அவற்றைப் பிரித்து அடுக்கிச் சிறிய பெட்டியில் அனுப்ப இயலும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்க் கிண்ணம், உச்சியிலுள்ள பிரபை எனத் திருகிக் கோக்கும் பகுதிகளால் ஆனது. பிரித்து அனுப்புபவர் பொருத்தும் முறையைப் படத்துடன் ஒரு தாளில் அச்சிட்டு உள்ளே வைக்கவேண்டும். அந்தத் தாள் இல்லாததால், உடைந்த பொருள் வந்ததாக எண்ணி வாங்கியவர் திருப்பியனுப்பினால், இருவழிப் போக்குவரத்தும் விற்றவர் தலையில் விழக்கூடும். அடிப்பகுதியில் எடை வைத்துச் செய்யப்படும் ராஜா ராணிப் பொம்மையைப் பிரிக்க முடியாது; அதற்குப் பெட்டிக்குள் பெட்டி என்ற இரட்டை அடைப்பைத் தவிர வேறு வழியில்லை.

அரிசியின் சிக்கல் இதற்கு நேரெதிரானது. திருவாரூர் மாவட்டம் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாக்களால் மீண்டும் வயலுக்கு வந்த மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி போன்ற பாரம்பரிய ரகங்களுக்கு இன்று நகரங்களில் வாடிக்கையாளர் உண்டு. எடைமிக்க பொருளாதலால் அனுப்புகைச் செலவே விலையைத் தின்கிறது. எடுத்துக்காட்டுக்கு மட்டும் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஒருவர் ஒரு கிலோ அரிசியை 180 ரூபாய்க்கு விற்கிறார். தளக் கட்டணமும் அனுப்புகையும் சேர்ந்து 70 ரூபாய், அதன்மேல் வரி 12 ரூபாய் 60 காசு, பையும் அட்டையும் 8 ரூபாய் என்றால் அவர் கையில் நிற்பது 89 ரூபாய் 40 காசு. அதே அரிசியை ஐந்து கிலோவாக 850 ரூபாய்க்கு, அதாவது கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து விற்கும்போது, கட்டணம் 160, வரி 28 ரூபாய் 80 காசு, அடைப்பு 20 ரூபாய் போக 641 ரூபாய் 20 காசு நிற்கும். கிலோவுக்கு 128 ரூபாய்க்கு மேல். விலையைக் குறைத்தவருக்கே வருவாய் கூடுகிறது. ஒரு கிலோப் பை புதியவர்களுக்கு ருசிகாட்ட மட்டும் உதவும்; வியாபாரம் ஐந்து கிலோவில்தான் நடக்கவேண்டும்.

வரி விதிகளில் சிறு விற்பனையாளருக்கு மிக முக்கியமான மாற்றம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் இத்தகைய தளத்தில் ஒரே ஒரு பொருள் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாக இருந்தது. தெருவில் கடைவைத்து விற்பவருக்கு இருந்த விற்றுமுதல் வரம்புச் சலுகை இணையத்தில் விற்பவருக்கு மறுக்கப்பட்டிருந்தது. இப்போது தமிழ்நாட்டில் பொருள்கள் மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை, பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று, முழுப் பதிவின்றியே விற்கலாம். ஆனால் இச்சலுகை மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு மட்டுமே உரியது. இந்த நிபந்தனை டெல்டாவில் விசித்திரமான விளைவைத் தருகிறது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாதலால், நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ இருப்பவர் பக்கத்து ஊரான காரைக்காலுக்கு அனுப்பும் ஒரு பை அரிசி மாநிலம் கடந்த விற்பனையாகிவிடும். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஓசூருக்கு அனுப்புவதோ அவ்வாறு ஆகாது. சேர்க்கை எண்ணில் விற்பவர் அனுப்பும் எல்லையைத் தமிழ்நாட்டளவில் நிறுத்தித் தம் கணக்கில் அமைத்திருக்கிறாரா என்பதை உறுதிசெய்துகொள்ளாவிட்டால், விதி மீறிய பிறகே அது தெரியவரும். பெங்களூருவுக்கும் டெல்லிக்கும் அனுப்ப விரும்புவோர் முழுப் பதிவு பெறவேண்டும்.

முழுப் பதிவு பெற்றவருக்கும் சில தளர்வுகள் வந்துள்ளன. விற்பனைத் தொகையிலிருந்து தளம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குச் செலுத்தும் ஜிஎஸ்டி 2024 ஜூலை 10 முதல் ஒரு விழுக்காட்டிலிருந்து அரை விழுக்காடாகவும், வருமானவரிப் பிடித்தம் 2024 அக்டோபர் 1 முதல் ஒரு விழுக்காட்டிலிருந்து 0.1 விழுக்காடாகவும் குறைந்தன. இவை செலவல்ல, பின்னர் ஈடுசெய்துகொள்ளக்கூடிய முன்பணம். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு மட்டுமே அவை இழப்பாகின்றன. அரிசி விற்போர் நினைவில் கொள்ளவேண்டியது இன்னொன்று. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்து விவரச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்றவர் அதை விலையில் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

அடைத்த உணவுப் பொருளில் ஒட்டும் விவரச்சீட்டு பலர் அலட்சியப்படுத்தும் ஒன்று. எடையளவுச் சட்டத்தின்கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள், அடைத்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, அடைத்த மாதமும் ஆண்டும், அதிகபட்சச் சில்லறை விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு ஆகியவற்றைப் பையில் அச்சிடக் கோருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை இணையப் பக்கத்திலும் இடம்பெறவேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண்ணும் தேவை. சத்துமாவு, அவல், வடகம் செய்யும் மகளிர் குழுக்கள் இதற்காக யாரிடமும் பெருந்தொகை கொடுக்கத் தேவையில்லை. தஞ்சாவூரிலேயே உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், 2020-இல் தொடங்கிய பிரதமரின் குறு உணவுத் தொழில் திட்டத்துக்குத் தேசிய அளவில் தொழில்நுட்ப வழிகாட்டும் நிறுவனங்களுள் ஒன்று. அத்திட்டத்தின்கீழ் தகுதியுள்ள செலவில் 35 விழுக்காடு, 10 லட்சம் ரூபாய் வரை, மானியமும் உண்டு. வாசலில் இருக்கும் இத்தகைய உதவி இன்னும் பல ஊர்களை எட்டாமல் இருப்பது வருத்தம் தருகிறது.

விலைப் போட்டியில் டெல்டா விற்பனையாளர் வெல்ல வாய்ப்புக் குறைவு; பிறப்பிடத்தின் பெயரிலோ அவரோடு போட்டியிட எவருக்கும் உரிமை இல்லை. ஓர் ஊரின் தனித்தன்மையால் சிறப்புப்பெற்ற பொருளின் பெயரை அவ்வட்டாரத்தாருக்கே உரியதாக்கும் சட்டப் பாதுகாப்பே புவிசார் குறியீடு. தஞ்சாவூர் ஓவியம், கலைத்தட்டு, தலையாட்டிப் பொம்மை, வீணை, சுவாமிமலை வெண்கலச் சிற்பம் ஆகியவை முன்பே அதைப் பெற்றன. திருபுவனம் பட்டு 2019-இலும், நெட்டி வேலைப்பாடு 2020-இலும், கும்பகோணம் வெற்றிலை 2025-இலும் பெற்றன. ஆயினும் பொருளுக்குக் குறியீடு கிடைத்ததாலேயே அதைச் செய்பவர் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு வந்துவிடாது. அவர் தம் பெயரை அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிந்துகொள்ளவேண்டும். அதற்கான விண்ணப்பக் கட்டணம் 2020-இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பலகையில் துணி ஒட்டிச் சுண்ணப்பூச்சிட்டு, கல் பதித்து, தங்கத்தாள் ஒட்டி உருவாக்கும் தஞ்சாவூர் ஓவியத்தின் பெயரை, அச்சடித்த படத்துக்குச் சூட்டி விற்பவர் குறியீட்டுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும், 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதத்துக்கும் உள்ளாகலாம். பதிவுச் சான்றைப் பொருளின் பக்கத்தில் படமாகச் சேர்ப்பதும், தங்கத்தாளின் தரத்தையும் பலகையின் வகையையும் உள்ளபடி எழுதுவதும் எந்த விளம்பரத்தையும்விட வாங்குபவரின் ஐயத்தைப் போக்கும்.

வாங்குபவரின் உரிமைகளை 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் மின்வணிக விதிகள் வரையறுக்கின்றன. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது; வாடிக்கையாளர்போல் நடித்துத் தம் பொருளுக்குத் தாமே மதிப்புரை எழுதக் கூடாது; புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் அதைத் தீர்க்கவேண்டும். இதே விதிகள் விற்பவருக்கும் ஓர் உரிமை தருகின்றன: ஒரே வகையான விற்பனையாளர்களுள் சிலரைத் தளம் வேறுபடுத்தி நடத்துமானால் அதைத் தன் நிபந்தனைகளில் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பெருந்தளங்கள் சிலருக்கே முன்னுரிமை தருவதாக எழுந்த புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியிலேயே விசாரணைக்கு உத்தரவிட்டது. ஒரே தளத்தை நம்பியிருப்பதன் ஆபத்தைக் குறைக்க, அரசு ஆதரவுடன் 2022 ஏப்ரலில் கோயம்புத்தூர் உள்ளிட்ட ஐந்து நகரங்களில் வெள்ளோட்டம் கண்ட ஓஎன்டிசி வலைப்பின்னல் ஒரு வழி; அதில் ஒரு செயலியில் பட்டியலிட்ட பொருளை வேறு பல செயலிகளில் இருப்பவரும் வாங்கலாம். நேரடியாக விற்போர் ஒன்றை மறக்கலாகாது: பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணை இடத் தேவையே இல்லை, கேட்பவர் ஏமாற்றுக்காரர். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும்.

கடல்கடந்த தமிழர்களுக்கு அனுப்புவோரின் கணக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 அன்று மாற்றிவிட்டது. 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்த சுங்க விலக்கு அன்றோடு முடிந்தது; சில நாள் முன்பு, ஆகஸ்ட் 25 முதல், இந்திய அஞ்சல்துறை அந்நாட்டுக்கான பொருள் அனுப்புகையை நிறுத்திவைத்து, சுங்கத்தை இங்கேயே முன்கூட்டி வசூலிக்கும் ஏற்பாட்டுடன் அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியது. எனவே வரியைச் சேர்க்காத பழைய விலைப்பட்டியலை வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்டுவது நட்டத்தில் முடியும். சுவாமிமலைச் சிற்பிகளுக்கு இன்னொரு படியும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த சிலைகளை ஏற்றுமதி செய்வதைத் தடுப்பதால், புதிதாக வார்த்த படிமம் தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பின்பே அதை அனுப்ப இயலும். இதற்கு ஆகும் நாள்களையும் சேர்த்தே அனுப்பும் தேதியைப் பொருளின் பக்கத்தில் குறிப்பிடவேண்டும். இரண்டு நாளில் அனுப்பப்படும் என்று தளம் தானாகக் காட்டும் வாசகத்தை மாற்றாமல் விட்டால், சான்றிதழ் வந்துசேருமுன் ஆர்டர் ரத்தாகி, தாமதக் குறையும் விற்பனையாளரின் கணக்கில் ஏறிவிடும்.