கெலா துள்ளிய ஆறுகள்

ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால், “அந்தக் காலத்தில் கூடையைப் போட்டாலே மீன்தான்!” என்று தாத்தா சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்று அதே ஆற்றில் உங்கள் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள்?

நம் நாட்டு ஆற்று மீன்களில் அரசன் என்று சொல்லத்தக்கது கெலா. இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரிய செதில்களும், வாயோரம் இரண்டு சோடி மீசையும் உடையது. சரவாக்கின் செமாவும் எம்புராவும் இதன் உறவினங்களே. எம்புராவ் கிலோ பல நூறு வெள்ளிக்கு விலை போகிறது. அந்த விலையே அதற்கு எமனாகவும் வந்து வாய்த்தது!

கெலாவுக்குத் தெளிந்த ஓடும் நீர் வேண்டும். கரை மரங்களிலிருந்து விழும் பழங்களை அது விரும்பித் தின்னும். மரத்தை வெட்டினால் அதன் உணவு போயிற்று. வெட்டிய இடத்துச் செம்மண் மழையில் கரைந்து வந்து, முட்டையிடும் கற்படுகையை மூடிவிடும். போதாக்குறைக்குத் துபா வேரும், வெடியும், மின்சாரமும்! இவை பெரிய மீனோடு குஞ்சுகளையும் அழித்துவிடுகின்றன. மெதுவாக வளரும் இனமாதலால், இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

வழியே இல்லையா? இருக்கிறது. சபாவில் கடசான்டூசுன் மக்கள் ‘தாகால்’ என்ற பழைய கட்டுப்பாட்டைப் பின்பற்றுகிறார்கள். ஆற்றைப் பகுதிகளாகப் பிரித்துச் சிவப்புப் பகுதியில் மீன்பிடிப்பதை அறவே தடுக்கிறார்கள். மஞ்சள் பகுதியில், ஊரார் முடிவு செய்யும் நாளில் மட்டும் பிடிக்கலாம். மீறினால் அபராதம் உண்டு. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அரசாங்கத்தின் பலத்தையும் தந்தது. ரானாவ் அருகே லுவாந்தி கம்பத்து மொரோலி ஆற்றில் இறங்கினால், மீன்கள் கூட்டமாக வந்து உங்கள் காலைக் கொறிக்கும்!

தீபகற்பத்திலும் தாமான் நெகாராவின் லுபோக் தெனோரிலும், கென்யிர் ஏரியில் கலக்கும் பெத்தாங் ஆற்றிலும் கெலாவுக்குக் காப்பிடங்கள் உள்ளன.

நீங்களும் உதவலாம். களைக்கொல்லி தெளித்த தோம்பை ஆற்றில் கழுவாதீர்கள். தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன வெளிநாட்டு மீன்களை ஆற்றில் விடாதீர்கள். அப்படி வந்து சேர்ந்த ‘பண்டாராயா மீன்’ கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிக் கிடப்பதைப் பாருங்கள்! தூண்டிலில் குஞ்சு சிக்கினால் திரும்ப விட்டுவிடுங்கள்.

தாத்தா கண்ட மீனைப் பேரன் படத்தில் மட்டும் பார்க்கும் நிலை வரலாமா? ஊரார் ஒன்றுபட்டால் ஆறு பிழைக்கும் என்பதற்கு மொரோலியே சாட்சி.