பதவி போன பின்னும் ஓயாத துங்கு

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் ஆயர் ராஜா சாலை என்று முன்பு அழைக்கப்பட்ட சாலையின் இன்றைய பெயர் ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மான். நாட்டின் முதல் பிரதமர் பதவி விலகிய பின் வாழ்ந்த வீடு அங்கேதான் இருந்தது. துங்கு என்றதும் சுதந்திரப் பிரகடனமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அவர் வழக்கறிஞர், விளையாட்டுத் துறைத் தலைவர், திரைப்படக் கதாசிரியர், பத்திரிகை எழுத்தாளர் எனப் பன்முகத் திறன் கொண்டவர்.

1903ல் அலோர்ஸ்டாரில் கெடா சுல்தானின் மகனாகப் பிறந்த துங்கு, பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்று, 1920ல் இங்கிலாந்து சென்றார். 1925ல் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். சட்டப் படிப்போ எளிதில் கைகூடவில்லை. தேர்வுத் தோல்வியும் உலகப் போரும் குறுக்கிட, 1949ல்தான் வழக்கறிஞரானார். அப்போது அவர் 45 வயதைக் கடந்திருந்தார்.

1951ல் அம்னோ தலைவரானார். மலாய், சீன, இந்தியக் கட்சிகள் அவர் தலைமையில் ஒரே கூட்டணியாக 1955 தேர்தலைச் சந்தித்து, 52 இடங்களில் 51ஐ வென்றன. 1957 ஆகஸ்டு 31ல் நாடு சுதந்திரம் அடைந்தது.

பல தரப்பு மக்களையும் ஒன்றாக உட்கார வைப்பதே அவரது தலையாய திறமை. அதற்குக் காற்பந்தும் கைகொடுத்தது. 1957ல் மெர்டேக்கா காற்பந்துப் போட்டி தொடங்கியது. 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் அவர் இருந்தார். கெடா மக்களின் வாய்மொழிக் கதைகளான மசூரி, ராஜா பெர்சியோங் இரண்டும் அவர் எழுத்தின் வழியே மலாய்த் திரைப்படங்களாயின.

1969 மே கலவரம் அந்த ஒற்றுமைக்கு விழுந்த பேரிடி. மறு ஆண்டே துங்கு பதவி விலகினார். அத்துடன் அவர் முடங்கிவிடவில்லை. இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் முதல் தலைமைச் செயலாளராகப் பணியாற்றினார். பிறகு, பினாங்கில் 1971ல் தோன்றிய தி ஸ்டார் ஆங்கில நாளிதழில் தொடர்ந்து எழுதினார். ஆட்சியில் இருந்தவர்களின் போக்கையும் தயங்காமல் விமர்சித்தார். 1987 அக்டோபரில் அந்நாளிதழின் உரிமம் முடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது மீண்டும் வெளிவந்தபோது துங்குவின் பத்தி அதில் இல்லை.

1990 டிசம்பர் 6ல் துங்கு காலமானார். நடுவயதில் தேர்வு எழுதித் தேறியவர், 54 வயதில் நாட்டின் சுதந்திரத்தை அறிவித்தார். 70 வயதுக்குப் பின் பத்திரிகை எழுத்தாளரானார். காலம் கடந்துவிட்டது என்று சோர்ந்து போகிறவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில்.