உயர்த்திய ஜீப்புக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர்

செஞ்சிக் கோட்டை மலைகளைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லும் நிலக்கடலையும் உளுந்தும் விளைவிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு, களத்துமேட்டிலிருந்து தார்ச்சாலை வரையில் உள்ள வழியே பெருந்தொல்லையாகும். பாறைத் துண்டுகளும் ஆழ்ந்த வண்டித்தடங்களும் நிறைந்த வழி அது. மழைக்காலத்தில் குறுக்கே ஓடைகளும் உண்டு. இவ்வழியில் அடிப்பாகம் தட்டாமல் செல்ல வேண்டுமென்று, பழைய ஜீப் வைத்திருப்போர் சிலர் அதனை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக் கொள்கின்றனர். உயர்த்திய சில திங்களுக்குள் வண்டி குதிக்கத் தொடங்குகிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறது. சில வேளைகளில் அதன் வளையமே முறிந்து விடுகிறது. மலிவான பொருளை வாங்கியதால் வந்த வினை என்று எண்ணி, அடுத்த முறை கடன்பட்டு விலை மிகுந்ததை வாங்கி, அதையும் பாழாக்கி விடுகின்றனர். உண்மையில் குற்றம் பெரும்பாலும் விலையில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அதன் வேலை யாது?

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டை. ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்குவதில்லை. பட்டையின் ஆட்டத்தை அடக்குவதே அதன் தொழில். ஊஞ்சலை ஒருமுறை ஆட்டிவிட்டால் அது நெடுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும். காலைத் தரையில் ஊன்றினால் விரைவில் நிற்கும். ஊஞ்சலின் சங்கிலி போன்றது பட்டை. ஊன்றும் கால் போன்றது ஷாக் அப்சார்பர்.

குழாயினுள் நிரம்பிய எண்ணெயைப் பிஸ்டன் தள்ளும்போது, அது சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு செல்கிறது. ஆட்டத்தின் விசை இவ்வாறு வெப்பமாக மாறுகிறது. கரடு முரடான வழியில் சென்று நின்றவுடன் நான்கையும் மெல்லத் தொட்டுப் பார்த்தால், உழைத்தவை சூடாக இருக்கும். மூன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இருந்தால், அந்த ஒன்று வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம்.

ஆகவே, புதிய ஷாக் அப்சார்பர் பூட்டினால் வண்டி உயரும் என்று எண்ணுவது பிழை. பழைய ஜீப்புகளில் பயன்படும் சாதாரண வகை உயரத்தைக் கூட்டுவதில்லை. பட்டையின் வளைவை மாற்றுவதாலோ, பட்டையின் நுனியில் உள்ள ஷாக்கிளை நீட்டுவதாலோதான் உயரம் வருகிறது.

உயர்த்தினால் நேர்வது

வண்டி உயரும்போது அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறது. பழைய ஷாக் அப்சார்பர் நிற்கும் நிலையிலேயே பாதிக்கு மேல் நீண்டு விடுகிறது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பிஸ்டன் தன் எல்லையை எட்டி, அச்சின் எடை முழுவதும் அந்த மெல்லிய தண்டில் தொங்குகிறது. கசிவுக்கும் முறிவுக்கும் காரணம் இதுவே.

இதற்கு அஞ்சி மிக நீளமானதை வாங்குவோரும் உண்டு. அவ்வாறாயின் சக்கரம் மேடேறும்போது, அச்சு தன் ரப்பர் தடுப்பைத் தொடும் முன்பே ஷாக் அப்சார்பர் முற்றிலும் ஒடுங்கி அடி வாங்கும். குட்டையானது இழுபட்டு அறும்; நெட்டையானது இடிபட்டு உடையும்.

அளக்கும் முறை

பட்டை வேலை முடிந்த பின்னரே அளத்தல் வேண்டும். முதலில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஷாக் அப்சார்பரின் மேல் வளைய நடுவிலிருந்து கீழ் வளைய நடு வரை அளந்து குறித்துக் கொள்க. அந்நிலையிலேயே அச்சுக்கும் ரப்பர் தடுப்புக்கும் இடையே உள்ள வெளியையும் அளக்க வேண்டும். பின்னர் பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, சேஸிஸை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, சக்கரங்களைத் தொங்கவிட்டு, அவ்விரு பூட்டிடங்களுக்கும் இடையே மறுமுறை அளக்க வேண்டும். பிரேக் குழாய் இழுபடாதவாறு இறக்குக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு: நிற்கும்போது 46 செ.மீ.; தொங்கும்போது 56 செ.மீ.; ரப்பர் தடுப்பு வரை உள்ள வெளி 8 செ.மீ. என்று கொள்வோம். 46இல் 8 போக 38 செ.மீ. என்பது ஒடுங்கிய நிலை. இரு பக்கமும் 2 செ.மீ. இடம் விட்டால், நமக்கு வேண்டுவது 58 செ.மீ.க்குக் குறையாமல் நீள்வதும், 36 செ.மீ.க்கு மிகாமல் ஒடுங்குவதும் ஆகும். இவ்விரு எண்களையும் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்பவரை எந்த விளம்பரமும் மயக்க இயலாது.

குறைந்த செலவில் வழிகள்

உயர்த்தியது சிறிதளவேயாயின், அளந்து பார்த்தால் வண்டிக்குரிய சாதாரண ஷாக் அப்சார்பரே போதுமானதாக அமையக்கூடும். போதாதெனின், வேறொரு மாதிரி வண்டிக்குரிய நீளமானது கிடைக்கிறதா என்று பார்க்கலாம். வளையமும் புஷ்ஷும் போல்ட்டின் கனமும் ஒத்திருப்பதோடு, அவ்வண்டியின் எடையும் நம் வண்டியின் எடையை ஒட்டியிருத்தல் நன்று. கனத்த வண்டிக்கென அமைந்தது இலேசான ஜீப்பைத் தூக்கியடிக்கும்.

மூன்றாவது வழி, சாதாரண நீளத்தையே வைத்துக்கொண்டு, பூட்டும் இடத்தைத் தக்க பிராக்கெட்டினால் மாற்றுவது. இதில் பற்றவைப்பு செம்மையாக இருத்தல் இன்றியமையாதது.

நம் நாட்டில் மகேந்திரா நிறுவனம் 1947 முதல் ஜீப்புகளைக் கூட்டி அமைத்து வந்தது. கேப்ரியல் இந்தியா நிறுவனம் 1961இல் தோன்றிற்று. ஒசூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. ஆகவே அயல்நாட்டுப் பெயர் பொறித்தது வேண்டும் என்பதில்லை. எனினும் மேற்கூறிய அளவுமுறை அச்சும் பட்டையும் கொண்ட பழைய ஜீப்புகளுக்கே நேராகப் பொருந்தும். பொலிரோவின் முன்புறமும், சுருள் ஸ்பிரிங் கொண்டு 2020இல் வந்த தார் வண்டியும் வேறு அமைப்புடையவை. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

வாயு நிரப்பிய ஒற்றைக் குழல் வகை விலை மிகுந்தது. கரடான பாதையில் நெடுந்தூரம் வேகமாக ஓட்டும்போது எண்ணெய் சூடேறி நுரைப்பதை அது தடுக்கும். மூட்டை ஏற்றி மெதுவாகச் செல்லும் நம் வழிகளுக்கு இரட்டைக் குழல் வகையே போதும். மேலும், கல் பட்டு வெளிக்குழாய் நசுங்கினால் ஒற்றைக் குழலில் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும். இரட்டைக் குழல் சிறு நசுக்கலைப் பொறுத்துக்கொள்ளும்.

வாங்கும்போதும் பூட்டும்போதும்

பழையதை அறுத்து எண்ணெய் நிரப்பி மீண்டும் பற்றவைத்ததை வாங்கலாகாது. ஓர் அச்சுக்கு இரண்டையும் சேர்த்தே மாற்றுக. இரட்டைக் குழல் வகையைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து, சில முறை முழுதும் இழுத்து அழுத்தினால் உள்ளே தங்கிய காற்று விலகும். போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்குண்டு விரைவில் கிழியும். வண்டியை உயர்த்தியவர்கள் பிரேக் குழாய் இழுபடுகிறதா என்பதைக் கட்டாயம் நோக்குதல் வேண்டும். ஷாக் அப்சார்பர் கெட்டால் வண்டி குதிக்கும். பிரேக் குழாய் அறுந்தால் உயிர் போகும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது; 2019இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டில் இடர்ப்பாடு எழக்கூடும். எனவே உயர்த்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவதே அறிவுடைமை. உயர்ந்த வண்டி வளைவில் எளிதில் கவிழும் என்பதையும் திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலைகளில் ஓட்டுவோர் நினைவில் கொள்க.

ஒரே மாதிரி ஜீப் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் தத்தம் அளவுகளை ஒரு குறிப்பேட்டில் பதிந்து வைத்தால், அடுத்தவர் மீண்டும் ஏமாற வேண்டியதில்லை. பொருந்துவது இன்னதென்று தெரிந்தபின், நால்வர் ஐவர் சேர்ந்து மொத்த வியாபாரியிடம் கேட்டால் விலையும் இறங்கும். நூலையும் உரத்தையும் சேர்ந்து வாங்கக் கற்ற நமக்கு இது புதிய பாடமன்று. அளவு நாடாவின் விலை சொற்பம். அதை முதலில் எடுப்பவருக்கே மலிவான பொருள் மலிவாக நிற்கும்.