குண்டின் நீளமும் குழலின் முறுக்கும்

ரைஃபிள் குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. அதில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் ஓடும். அவை குண்டைப் பம்பரம்போல் சுழலவைப்பதால்தான் அது தலைகுப்புறப் புரளாமல் பாய்கிறது.

எவ்வளவு முறுக்கு வேண்டும்? இங்கிலாந்தின் வூல்விச் ராணுவக் கழகத்தில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் எளிய வாய்பாடு தந்தார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலக் கணக்கில். 0.458 அங்குல விட்டமும் 1.4 அங்குல நீளமும் கொண்ட ஈயக் குண்டுக்குச் சுமார் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று விடை வரும்.

அமெரிக்கப் படையின் 1873 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளிலும் அதே 22 அங்குல முறுக்குதான். முதலில் 405 கிரெய்ன், அதாவது 26 கிராம் குண்டைச் சுட்ட அந்த வகை ரைஃபிள், பின்னர் 500 கிரெய்ன் குண்டையும் தடுமாறாமல் செலுத்தியது.

எடை கூடினால் நீளமும் கூடும். ஆனால் முறுக்கைத் தீர்மானிப்பது நீளமே. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே அதே எடையுள்ள செம்புக் குண்டு நீளமாகிறது. அதற்கு இன்னும் நெருக்கமான முறுக்கு தேவை. அது போதாவிட்டால் குண்டு பக்கவாட்டில் புரண்டு, இலக்கு அட்டையில் நீள்துளை விழும்.