முதல் நாள் பேச்சு



லோபாக் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மா. நம் மாணவன் ஒருவனுடைய தாயார். மூத்த மகனை இழந்தபின் அவருக்கு உறக்கமே இல்லை. நம் சொல்லைக் கேட்டு, பஸ் ஏறிச் சிரம்பான் சென்று, மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்து வந்தார். "என்ன சொன்னார்கள் அம்மா?" என்று கேட்டோம். "ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை சார். ஏதேதோ கேட்டு எழுதிக்கிட்டாங்க. பேசுறதுக்காகவா ஒரு நாள் சம்பளத்தை விடணும்?" என்றார். மறுதவணைக்கு அவர் போகவில்லை.

இப்படி நிற்பவர் உலகெங்கும் உண்டு. ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் 669 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பேசிக் குணப்படுத்தும் மருத்துவத்தை ஏறக்குறைய ஐவரில் ஒருவர் பாதியில் விட்டுவிடுகிறார் என்று தெரிந்தது.

ஏன்? 1964இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜெரோம் ஃபிராங்க் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், மருத்துவம் தொடங்குமுன் எல்லாவற்றையும் விளக்கினர். மருத்துவர் அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள்தான் மனம்விட்டுப் பேச வேண்டும். குணம் தெரியச் சில மாதங்கள் பிடிக்கும். நடுவே 'இனிப் போக வேண்டாம்' என்றுகூடத் தோன்றும் என்று சொல்லிவைத்தனர். அவர்களே மற்றவர்களைவிடச் சீராக வந்தனர்.

நாமோ, "போங்கள் அம்மா, சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தோம். பள்ளியில் முதல் நாள் அழுகிற பிள்ளைக்கு நாம் எடுத்த எடுப்பில் எழுத்தா கற்பிக்கிறோம்? ஆசிரியப் பயிற்சியில் படித்ததை வெளியில் மறந்துவிடுகிறோம்.

1979இல் போர்டின் என்ற உளவியலார் மூன்றைக் குறிப்பிட்டார்: இருவருக்கும் இடையே பிணைப்பு, எதற்காக வந்தோம் என்பதில் உடன்பாடு, என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு. இவற்றுள் நடுவில் உள்ளதுதான் முதல் நாளில் அடிக்கடி தவறுகிறது என்பது நம் எண்ணம். மருத்துவர் துயரத்தைப் பற்றிப் பேச விரும்புவார். வந்தவருக்கோ தூக்கம்தான் வேண்டும்.

பிறகு நாம் அந்த அம்மாவுக்கு விவரமாகச் சொல்லி, வேறோர் ஆலோசகரிடம் கூடவே போனோம். "எது முதலில் சரியாக வேண்டும், அம்மா?" என்று அவர் கேட்டார். "ராத்திரி ரெண்டு மணி நேரமாவது கண்ணசரணும்." பேச்சை அங்கிருந்தே தொடங்கினார். முடிவில், "இன்று பேசியதில் உங்களுக்கு ஒத்துவராதது ஏதும் உண்டா?" என்றும் கேட்டார். வேலையில்லாத நாளாகப் பார்த்து மறுதவணை குறித்தார்.

அந்த நாளில் அம்மா நம்மைத் துணைக்குக் கூப்பிடவில்லை. தாமாகவே பஸ் ஏறிப் போனார்.